ஏட்டில் ஏறிய 594 பெயர்கள்

வரலாற்றுத் தொடர்: கடலுக்கு அந்தப் பக்கம் – 17

சென்ற வாரம் எம்பிலிப்பிட்டியாவில் நிறுத்தியிருந்தேன். இலங்கையின் ரத்தினபுரி மாவட்டத்தில் இருக்கும் சிங்கள ஊர். 1989 கடைசியிலும் 1990 தொடக்கத்திலும், ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்குகிறோம் என்ற பெயரில் அங்கே பள்ளி மாணவர்களைப் பிடித்து ‘சேவன’ என்ற ராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பெற்றோர் முகாம் முகாமாக அலைந்தார்கள். பிள்ளைகள் திரும்பவே இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1999 பிப்ரவரியில், 25 பிள்ளைகளைக் கடத்திய வழக்கில் பள்ளியின் முதல்வருக்கும் ராணுவத்தினர் ஆறு பேருக்கும் பத்தாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. முகாமுக்குள் போன பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதற்கு அந்தத் தீர்ப்பிலும் விடை இல்லை.

இந்த வாரம் அங்கிருந்து இருபது ஆண்டுகள் தள்ளிப் போகிறோம். தெற்கை விட்டு வடக்கே, வன்னிக்கு. பிள்ளைகள் பேசும் மொழி மாறுகிறது. வாசலில் நிற்கும் தாய் கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை.

★

விழிதியூர், 2009 மே 16

மே மாதத்தில் எங்கள் விழிதியூர் வயல்கள் வெடித்துக் கிடக்கும். மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் வரை கலப்பைக்கு வேலை இல்லை. ஊரே நிழல் தேடி உட்கார்ந்திருக்கும் காலம் அது.

அந்த ஆண்டு மே 13 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்து புதுச்சேரிக்கும் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. 16ஆம் தேதி சனிக்கிழமை, வாக்கு எண்ணிக்கை. டீக்கடை டி.வி. முன்னால் காலையிலேயே பெஞ்சு நிறைந்துவிட்டது. எந்தச் சுற்றில் யார் முந்துகிறார்கள் என்பதுதான் பேச்சு. திரையின் அடியில் ஓடிய செய்தி வரியில் முள்ளிவாய்க்கால் என்ற பெயர் வந்தது, போனது, மறுபடி வந்தது. நானும் அந்த பெஞ்சில்தான் இருந்தேன். அந்த வரியை முழுதாகப் படித்த ஞாபகம் எனக்கு இல்லை. இந்தத் தொடரை எழுத என்னைத் தூண்டியது அந்த உறுத்தல்தான்.

எங்களுக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கணக்கு 60 கடல் மைல். எங்கள் கரையின் மீனவர்களுக்கு ஓர் இரவுத் தொழிலின் தூரம்.

அந்த சனிக்கிழமைதான், விடுதலைப் புலிகளுடனான இறுதிப் போரில், வடக்கிலிருந்து வந்த ராணுவப் படையும் தெற்கிலிருந்து வந்த படையும் முள்ளிவாய்க்கால் கரையில் கைகோத்தன. இலங்கைத் தீவின் கடற்கரை முழுவதும் ராணுவத்தின் பிடிக்குள் வந்தது. அதுவரை, உயிரைப் பணயம் வைத்தாவது ஒரு படகு கடலில் இறங்கக்கூடும் என்ற நினைப்புக்கு இடம் இருந்தது. அன்றோடு அதுவும் அடைபட்டது.

உள்ளே மிஞ்சியிருந்த சனங்களுக்கு இனி ஒரே ஒரு பாதை. அது வட்டுவாகல் பாலம்.

★

பாலத்தின் அந்த முனையில்

முதல் பெரிய உடைப்பு ஏப்ரல் 20 அன்றே நடந்திருந்தது. புதுமாத்தளனில் மண் அணையை ராணுவம் உடைத்ததும், அடுத்த சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். மே மாதத்தின் நடுவில் கடைசி வெள்ளம். நந்திக்கடல் களப்பை ஒட்டிய வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி, காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்துகொண்டு, முல்லைத்தீவுப் பக்கம் நடந்தார்கள்.

அங்கே வெட்டவெளியில் உட்கார வைத்தார்கள். பிறகு பேருந்துகளில் ஓமந்தைக்கு.

ஓமந்தை வவுனியாவுக்கு வடக்கே ஏ-9 சாலையில் இருந்த சோதனைச் சாவடி. சனங்களை இரண்டாகப் பிரித்த இடம் அது. ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது: புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்கள்கூட முன்வந்து பதிய வேண்டும். பதிந்தால் விசாரித்து விட்டுவிடுவோம். பதியாமல் பிறகு பிடிபட்டால் நிலைமை வேறு.

ஒரு நாள் என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. இருபது ஆண்டுகள் களத்தில் நின்ற தளபதிக்கும், மூன்று வாரங்களுக்கு முன்னால் தாயின் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப்பட்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே வரிசையைக் காட்டியது அந்தச் சொல்.

★

வெட்டிய தலைமுடி

அந்தப் பிள்ளைகள் எப்படி இயக்கத்துக்குள் போனார்கள் என்பதை இங்கே மறைத்துவிட்டு மேலே போக முடியாது. போனால் இந்த வரலாறு பாதிப் பொய்யாகிவிடும்.

விடுதலைப் புலிகள் சிறுவர்களைச் சேர்த்ததாக 2003 முதல் 2008 முடிய யுனிசெஃப் பதிவு செய்தவை 6,000க்கும் மேல். கிழக்கில், இயக்கத்திலிருந்து பிரிந்த கருணா பிரிவும் சிறுவர்களைப் பிடித்தது. 2006 நவம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சிறப்பு ஆலோசகர் ஆலன் ராக், அதற்கு அரசப் படைகளில் சிலர் துணை நின்றார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தப் போரில் கறை படியாத தரப்பு எதுவும் இல்லை.

வன்னியில் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்றிருந்தது, போர் இறுகிய பிறகு ஒருவரோடு நிற்கவில்லை. பெற்றோர் தங்களால் ஆன வழியெல்லாம் தேடினார்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, மேலே தகரம் போட்டு மூடி, உள்ளே மகனை ஒளித்து வைத்தார்கள். ஷெல்லுக்குப் பயந்து ஒரு பங்கர், பிள்ளை பிடிப்பவர்களுக்குப் பயந்து இன்னொரு பங்கர்.

பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளுக்கு முதலில் நடந்தது தலைமுடி வெட்டுவது. தப்பி ஓடினாலும் அடையாளம் தெரிந்துவிடும் அல்லவா? இடுப்பு வரை பின்னல் தொங்கிய பெண் பிள்ளையின் கூந்தல் காதோடு வெட்டப்பட்டது.

அந்தப் பிள்ளைகளில் பலர் களத்திலிருந்து தப்பி, தாய் தகப்பனைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களோடு சேர்ந்து நடந்தே வெளியே வந்தார்கள். வரிச்சீருடையைக் கழற்றி எறிந்துவிடலாம். கழுத்தில் தொங்கிய சயனைட் குப்பியை மண்ணில் புதைத்துவிடலாம். முடியை என்ன செய்வது? மாதத்துக்கு அரை அங்குலம் வளர்வது அது.

ஓமந்தையில் குட்டை முடியோடு நின்ற பெண் பிள்ளைகள் தனியே அழைக்கப்பட்டார்கள். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தவர்களின் துணி அவிழ்க்கப்பட்டது. யார் எதற்காக வெட்டிய முடி என்று அந்த இடத்தில் விளக்க முடியவில்லை. பிள்ளையைப் பறித்தவர்கள் போட்ட அடையாளத்தை வைத்தே, மறுபக்கத்தவர்களும் பிள்ளையைப் பிரித்தெடுத்தார்கள்.

★

பதினெட்டுக்கு இந்தப் பக்கம்

பிரித்தெடுத்த பிறகு ஒரே கேள்விதான் பிள்ளையின் பாதையைத் தீர்மானித்தது. வயது என்ன?

2008 டிசம்பரில் இலங்கை அரசு அவசரகால ஒழுங்குவிதிகளில் திருத்தம் கொண்டுவந்திருந்தது. சரணடையும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெரியவர்களிடமிருந்து வேறான, பாதுகாப்புத் தங்கலும் புனர்வாழ்வும் தரும் தனி நிலையம் என்று அது சொன்னது. சர்வதேசப் பொறுப்பும் இருந்தது. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இலங்கை 1991லேயே ஏற்றது. ஒரு குழந்தையைத் தடுத்து வைப்பது கடைசி வழியாகவும், மிகக் குறுகிய காலத்துக்காகவும் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது அதன் 37ஆம் பிரிவு. ஆயுதப் போரில் சிறுவர்கள் பற்றிய கூடுதல் நெறிமுறையையும் 2000 செப்டம்பரில் உலகில் முதலில் ஏற்ற நாடுகளில் ஒன்றாக இலங்கை ஏற்றிருந்தது.

ஆகவே, பதினேழு வயதும் பதினோரு மாதமும் ஆன பிள்ளை ஒரு பக்கம். பதினெட்டைத் தொட்டுவிட்ட பிள்ளை, ஏறத்தாழ 12,000 பெரியவர்களோடு மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே வேலிகூட இல்லை, ஒரு பிறந்த தேதிதான் இருந்தது.

அந்தத் தேதியைச் சொல்லும் காகிதம் எங்கே? கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, அங்கிருந்து புதுக்குடியிருப்பு, அங்கிருந்து மாத்தளன் என்று ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் ஒரு மூட்டை குறைந்துகொண்டே வந்த சனங்கள் அவர்கள். பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் மழையில் நனைந்து, தீயில் எரிந்து, மணலில் புதைந்து போயிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் தெருவில் இருந்த ஒரு பாட்டியின் தகரப்பெட்டி என் நினைவுக்கு வருகிறது.

எங்கள் ஊர் இருக்கும் காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அன்று முதல் இங்கே ‘எத்தா சிவில்’ என்ற பிரெஞ்சுக் குடிநிலைப் பதிவேட்டுக்கு ஒரு தனி மரியாதை. தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைத்தால் பேரனின் வாழ்க்கையே மாறும். அந்தப் பாட்டி தன் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தை மஞ்சள் துணியில் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்திருந்தார். வெள்ளம் வந்த வருடம் எல்லாரும் நெல் மூட்டையைத் தூக்கியபோது, அவர் தகரப்பெட்டியைத்தான் தூக்கினார். ஏன் பாட்டி என்று கேட்டேன். “ஏட்டுல பேரு இருந்தாத்தான்டா தம்பி ஆளு இருந்தான்னு அர்த்தம்” என்றார்.

ஓமந்தையை நான் வாசித்தபோதெல்லாம் அந்தக் குரல் காதில் கேட்டது.

★

அம்பேபுஸ்ஸ, பூந்தோட்டம், ரத்மலான

சிறுவர்கள் என்று ஏற்கப்பட்டவர்கள் நீதிமன்ற உத்தரவின் பேரில் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒன்று கண்டிச் சாலையில் இருக்கும் அம்பேபுஸ்ஸ. இன்னொன்று வவுனியா பூந்தோட்டம். பிறகு ஒரு பகுதியினரைக் கொழும்பை அடுத்த ரத்மலான இந்துக் கல்லூரிக்கு மாற்றினார்கள்.

மொத்தம் 594 பேர்.

இவர்கள் மீது வழக்குப் போடுவதில்லை என்று அரசு முடிவெடுத்தது. அது நல்ல முடிவு. பாடம் நடந்தது. தேர்வு எழுதினார்கள். யுனிசெஃப் பணியாளர்கள் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. பெரியவர்கள் வைக்கப்பட்டிருந்த முகாம்களின் கதவு 2009 ஜூலையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்துக்கே மூடப்பட்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு கதவு திறந்திருந்ததன் அருமை புரியும்.

ஆனாலும் அதைப் பள்ளி விடுதி என்று சொல்லிவிட முடியாது. புனர்வாழ்வுப் பணியகத்தின் தலைமையில் இருந்தவர் ஒரு ராணுவ அதிகாரி, மேஜர் ஜெனரல் தயா ரத்நாயக்க. பிள்ளைக்கு வீட்டுக்குப் போக அனுமதி இல்லை. பெற்றோருக்கும் வெளியே வர அனுமதி இல்லை. அவர்கள் செட்டிக்குளம் மெனிக் ஃபாமில், முள்வேலிக்குள்ளே இருந்தார்கள்.

அந்த முகாம் வலயங்களுக்கு ராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெரிய மனிதர்களின் பெயர் சூட்டியிருந்தார்கள். வன்னியிலிருந்து வெளியேறி இப்படி முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் 2,80,000 பேருக்கு மேல். அவர்களிலும் பல்லாயிரம் பேர் குழந்தைகள்தான். எந்தத் துப்பாக்கியையும் தொடாத குழந்தைகள். 2009 டிசம்பர் 1 வரை அவர்களுக்கு வெளியே போய்வர உரிமை இல்லை. கடைசிக் குடும்பம் அங்கிருந்து கிளம்பியது 2012 செப்டம்பரில்.

ஒரு வேலிக்குள் தாய், இன்னொரு வேலிக்குள் பிள்ளை. தாய் உயிரோடு இருக்கிறாளா என்றே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பாலத்தைத் தாண்டும்போது கை நழுவியதுதான் கடைசி. இந்தக் கைகளைத் திரும்பச் சேர்ப்பதற்காகவே, 2009 கடைசியில் வவுனியாவில் யுனிசெஃப் உதவியோடு ஒரு குடும்பத் தேடல் பிரிவு தொடங்கப்பட்டது.

2010 மே மாதம். ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. கடைசித் தொகுதிப் பிள்ளைகள் நிலையத்தை விட்டு வெளியேறினார்கள். 594 பேரும் விடுவிக்கப்பட்டார்கள்.

பெண் பிள்ளைகளின் கூந்தல் அதற்குள் தோளைத் தொட்டிருக்கும்.

★

594 சொல்லும் பாடம்

இந்த எண்ணை நான் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எம்பிலிப்பிட்டியாப் பிள்ளைகளும் ராணுவத்தின் கையில் இருந்தவர்கள். வன்னிப் பிள்ளைகளும் ராணுவத்தின் கையில் இருந்தவர்கள். ஒரு கூட்டம் மறைந்தது. இன்னொரு கூட்டம் வீடு திரும்பியது. ஒரே ராணுவம், ஒரே நாடு. என்ன வித்தியாசம்?

வன்னிப் பிள்ளைகளின் பெயர் எழுதப்பட்டிருந்தது. நீதவான் முன்னால் ஒரு கோப்பு இருந்தது. யுனிசெஃப் கையில் ஒரு பிரதி இருந்தது. இன்று நிலையத்தில் 594 என்றால், நாளை 593 ஆனால் ஏன் என்று கேட்க வெளியே ஒருவர் இருந்தார். எம்பிலிப்பிட்டியாவில் அப்படி ஒரு காகிதம் இல்லை. சேவன முகாமுக்குள் எத்தனை பேர் போனார்கள் என்பதையே பெற்றோர்தான் விரல் விட்டு எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது.

உலகில் எங்கே ஒரு ராணுவம் குழந்தைகளைப் பிடித்து வைத்தாலும், நான் முதலில் கேட்பது இதைத்தான்: பெயர் எழுதினார்களா? எழுதிய ஏட்டை வெளியாள் பார்க்க முடிகிறதா? சோறு, படிப்பு, மருந்து எல்லாம் அதற்குப் பிறகுதான். ஏட்டில் ஏறாத குழந்தைக்குச் சோறு போட்டார்களா என்று யாரும் கேட்க முடியாது.

அப்படியென்றால், வட்டுவாகலில் ஏட்டில் ஏறாத பிள்ளைகள்?

★

இன்னொரு பேருந்து

2009 மே 18. முல்லைத்தீவு, வட்டுவாகல். இயக்கத்தின் அரசியல் பிரிவினர், பொறுப்பாளர்கள், அவர்களின் மனைவிமார், குழந்தைகள் அடங்கிய ஒரு கூட்டம் ராணுவத்திடம் சரணடைந்தது. அவர்களை அழைத்துச் சென்றவர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். ஒரு பாதிரியார் கூட வந்தால் பாதுகாப்பு என்று சனங்கள் நம்பினார்கள்.

அவர் ஒரு பட்டியல் தயாரித்தார் என்று, அங்கே நின்றவர்கள் பிறகு சாட்சி சொன்னார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு எல்லாரும் பேருந்தில் ஏறினார்கள். திருகோணமலை அரசியல் பொறுப்பாளராக இருந்த எழிலன் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவர் மனைவி அனந்தி சசிதரன் இன்றுவரை சொல்லி வருகிறார். தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகளும் ஏறினார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

பேருந்து கிளம்பியது. அதன் பிறகு அவர்கள் யாரையும் குடும்பத்தினர் பார்க்கவில்லை. பட்டியல் எழுதிய பாதிரியாரையும்தான்.

ஆண்டுகள் ஓடின. வவுனியா குடும்பத் தேடல் பிரிவில் 2011 நடுப்பகுதிக்குள் 676 குழந்தைகளைத் தேடி விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. இயக்கம் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடியவர்கள்தான் அதில் பாதிக்கும் மேல். அத்தனை பேரும் அந்தப் பேருந்தில் ஏறியவர்கள் அல்ல. ஆனால், வீடு திரும்பியவர்கள் 594, தேடப்பட்டவர்கள் 676 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது என் பேனா அடுத்த வரிக்கு நகரவில்லை.

முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு விசாரணை நடந்தது. ராணுவத்தின் சார்பில் சாட்சி சொல்ல வந்த 58ஆவது படைப்பிரிவின் மேஜர் ஜெனரல், சரணடைந்தவர்களின் பட்டியல் தங்களிடம் இருக்கிறது என்றார். நீதிமன்றத்தில் கூடியிருந்த தாய்மார் மூச்சைப் பிடித்தார்கள். அதைக் கொண்டுவாருங்கள் என்றது நீதிமன்றம். கடைசியில் வந்தது, புனர்வாழ்வு பெற்று வெளியேறியவர்களின் பட்டியல். வட்டுவாகலில் பேருந்து ஏறியவர்களின் பட்டியல் வரவில்லை.

2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் அருகே, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பந்தல் மாறியது, கோடை மாறியது, ஆட்சி மாறியது. கழுத்தில் தொங்கும் படத்தில் இருக்கும் குழந்தைக்கு மட்டும் வயது ஏறவில்லை. படத்தைச் சுமந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

இதற்கு நடுவில், 2013 பிப்ரவரியில், உலகின் முன்னால் சில படங்கள் வந்து விழுந்தன. மணல் மூட்டை அடுக்கிய ஒரு பங்கர். அதற்குள் பலகையில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். தோளில் ஒரு துணி. கையில் தின்பண்டம். பக்கவாட்டில் யாரையோ பார்க்கிறான். அவன் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரன். அடுத்த படத்தில் அதே சிறுவன் தரையில் கிடக்கிறான். நெஞ்சில் துளைகள். ஒரே கேமராவில், சில மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்றார்கள் படங்களை வெளியிட்டவர்கள். பிடித்து வைத்துக் கொன்றதாக எழுந்த குற்றச்சாட்டை ராணுவம் மறுத்தது.

அந்தச் சிறுவனைப் படம் எடுக்க அங்கே ஒரு கை இருந்திருக்கிறது. அவன் பெயரை ஒரு காகிதத்தில் எழுத அங்கே இன்னொரு கை இருந்ததா? வட்டுவாகலில் பாதிரியார் எழுதிய பட்டியல் இன்று யாருடைய அலமாரியில் இருக்கிறது?

அந்தப் படங்களை எடுத்த கேமராவின் பாதையையும், அந்தப் பட்டியலின் பாதையையும் அடுத்த வாரம் தேடிப் போவோம்.

(தொடரும்)